ஜரிகை மீசை

பிள்ளையார்பாளையம், காஞ்சிபுரம்
16 ஜூன் 2024

அன்புள்ள அண்ணனுக்கு,

காயத்ரி எழுதிக்கொண்டது. இங்கே அப்பா, அம்மா, நான் மூவரும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். அம்மாவின் முட்டி மட்டும் வழக்கம்போல். அந்த மலையில் குளிர் எப்படி, இருமல் போயிற்றா என்று முதல் வரியிலேயே பதில் எழுது.

போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று சிரிப்பாய். ஞாயிற்றுக்கிழமை லாரியில் கீழே இறங்கினால்தான் உனக்கு சிக்னல். நீ கூப்பிட்டால் அப்பா ஸ்பீக்கரில் போடச் சொல்லிப் பக்கத்திலேயே நிற்கிறார். அம்மா "சாப்டியா" என்று ஏழு தடவை கேட்பதற்குள் லைன் கட்டாகிவிடுகிறது. எனக்கு முறை வருவதே இல்லை. அதனால் தபால்தான்.

விஷயத்துக்கு வருகிறேன். பள்ளி ரோபோ குழுவில் என்னைச் சேர்த்திருக்கிறார்கள். தென்னேரியிலிருந்து வரும் திரிஷாவும் நானும்தான் வேலை செய்கிறவர்கள். மற்ற மூன்று பேர் போட்டோவுக்கு நிற்பார்கள். அக்டோபரில் மாவட்டப் போட்டி. நூற்றுக்கு நாற்பது மதிப்பெண் பசுமைக்கு. ரோபோ ஓடினால் மட்டும் போதாது, அதைச் செய்ததில் குப்பை சேரக் கூடாது. குழுவுக்குப் பொறுப்பான பிரேம்நாத் சார் முதல் நாளே சொல்லிவிட்டார்: "புதுசா ஒரு ஸ்க்ரூ வாங்கினாலும் எனக்குக் காரணம் சொல்லணும்." ஒரு பெரிய நோட்டு போட்டிருக்கிறோம். ரோபோவுக்குப் பயன்படும் ஒவ்வொரு பொருளுக்கும் அதில் இரண்டு கட்டம்: எங்கிருந்து வந்தது, வேலை முடிந்ததும் எங்கே போகும். பொய் எழுதினால் குழுவையே நீக்கிவிடுவார்களாம். நோட்டு என் பொறுப்பு.

முதல் வரி என்ன தெரியுமா? "லேப்டாப், பழையது. எங்கிருந்து: என் அண்ணன் முத்துக்குமார் வேலைக்குப் போகும்முன் வாங்கித் தந்தது. எங்கே போகும்: அடுத்த வருடக் குழுவுக்கு." உன் பெயரை மட்டும் அழகான கையெழுத்தில் எழுதியிருக்கிறேன்.

மோட்டார்கள் திரிஷாவின் அப்பா வாலாஜாபாத்தில் வைத்திருக்கும் ரிப்பேர் கடையிலிருந்து, செத்துப்போன சிடி பிளேயர்களைப் பிரித்து எடுத்தவை. உடம்புக்கு, நம் தறியில் ஓடித் தேய்ந்த ஓட்டை போட்ட டிசைன் அட்டைகள். பேட்டரி போன வருடக் குழுவுடையது, பள்ளி மாடியிலுள்ள சோலாரில் சார்ஜ் ஏற்றுகிறோம். குப்பையில் உலோகத்தையும் பிளாஸ்டிக்கையும் பிரிப்பது ரோபோவின் வேலை. தொட்டுப் பார்த்து, கரண்ட் ஓடினால் உலோகக் கூடையில் போடும், ஓடாவிட்டால் பிளாஸ்டிக் கூடையில் போடும். தொடுவதற்கு இரண்டு மெல்லிய கம்பி வேண்டும். வளைய வேண்டும், உடையக் கூடாது, விலைக்கு வாங்கவும் கூடாது. டிப்ளமோ படித்தவன் நீ, யோசனை சொல்.

அன்புத் தங்கை
காயத்ரி

சாலைப் பணி முகாம், அருணாசலப் பிரதேசம்
7 ஜூலை 2024

அன்புள்ள காயத்ரிக்கு,

முதல் வரி: இருமல் போய்விட்டது, சளி வந்திருக்கிறது. போதுமா? ஜூலை மாதத்தில் கம்பளி போர்த்திக்கொண்டு எழுதுகிறேன். காலையில் சோறும் பருப்பும், ராத்திரி பருப்பும் சோறும். அம்மாவிடம் கோழிக்குழம்பு என்று சொல்லிவிடு. அப்பாவுக்குக் கண்ணாடி மாற்றினீர்களா? ஒரு கண்ணை மூடிக்கொண்டு நெய்கிறார் என்று அம்மா சொன்னாள், எனக்குக் கவலையாக இருக்கிறது.

கம்பிக்கா தவிக்கிறாய்? நீ உட்கார்ந்திருக்கும் இடத்துக்கு மேலேயே இருக்கிறது. பரணில் துரு ஏறிய தகர டப்பா ஒன்று உண்டு. அதில் பழைய ஜரிகைத் துண்டுகள் கிடக்கும். பட்டு நூலின்மேல் வெள்ளிக் கம்பியைச் சுற்றித் தங்க முலாம் பூசியதுதானே ஜரிகை? கரண்ட் ஓடாமல் எங்கே போகும்? மோட்டாருக்குத் தாங்காது, தொட்டுப் பார்க்கத் தாங்கும். முகத்துக்கு இரண்டு பக்கமும் கட்டிவிடு, மீசை மாதிரி இருக்கும்.

லேப்டாப் பற்றி அவ்வளவு பெரிதாக எழுத வேண்டியதில்லை. பழைய சாமான்.

அன்புடன் அண்ணன்
முத்துக்குமார்

காஞ்சிபுரம்
4 ஆகஸ்ட் 2024

அன்புள்ள அண்ணா,

உன் சளி இந்நேரம் போயிருக்கும் என்று நம்புகிறேன். இங்கே எல்லோரும் சுகம். அப்பா கண்ணாடி மாற்றிவிட்டார், மாற்றியதிலிருந்து என் மார்க் ஷீட்டை நன்றாகப் படிக்கிறார், அதுதான் தொல்லை.

உன் யோசனை பிரமாதம். பரண் டப்பா ஜரிகையில் கரண்ட் சும்மா பாய்கிறது. ரோபோவுக்கு "மீசை" என்றே பெயர் வைத்துவிட்டோம். பிரேம்நாத் சார் பத்து நிமிடம் சிரித்தார். "காஞ்சிபுரத்துப் பிள்ளைங்களுக்கு மட்டும்தான் இது தோணும்" என்றார்.

ஆனால் ஒரு சங்கதி. பரண் ஜரிகை தீர்ந்துபோய், தறிக்குக் கீழே இருக்கும் பிஸ்கட் டப்பாவை எடுத்தேன். போன வருடம் நான்கு முகூர்த்தப் புடவை நெய்தாரே அப்பா, அதன் மிச்சம். அதைக் கட்டினால் மீசைக்கு உயிரே இல்லை. மல்டிமீட்டர் வைத்துப் பதினொரு துண்டு பார்த்தேன், ஒன்றில்கூட ஓடவில்லை. திரிஷா தீக்குச்சியால் கொளுத்திப் பார்த்தாள். சுருண்டு உருகி, பிளாஸ்டிக் பை எரிந்த நாற்றம் அடித்தது. அண்ணா, அது ஜரிகையே இல்லை. மினுக்குப் பிளாஸ்டிக்.

நமக்குப் பட்டும் ஜரிகையும் கொடுத்து நெய்து வாங்குவது மாணிக்கவேல் முதலாளிதானே? அப்படியானால் அவர்தான் பிளாஸ்டிக்கைக் கொடுத்து, அசல் ஜரிகை என்று கடையில் விற்றிருக்கிறார். அப்பாவிடம் கேட்டேன். "டப்பாவ மூடி வெச்சிட்டு படிக்கிற வேலையப் பாருமா. இன்னாத்துக்கு அத நோண்டிக்கினு இருக்கிற" என்றார். முகத்தைத் திருப்பிக்கொண்டார். முதலாளிக்குப் பயப்படுகிறார் என்று நினைக்கிறேன்.

நோட்டில் பதினாலாம் பக்கம் இதற்காகவே ஒதுக்கியிருக்கிறேன். வாராவாரம் கடைக்குப் போய் ஜரிகை வாங்கி வந்தவன் நீ. அப்போது உனக்கு ஏதாவது சந்தேகம் வந்ததா? உடனே எழுது.

காயத்ரி

காஞ்சிபுரம்
15 செப்டம்பர் 2024

அன்புள்ள அண்ணா,

சுகமா? ஆறு வாரமாகப் பதில் இல்லை. அங்கே மழை என்று செய்தியில் பார்த்து அம்மா கச்சபேஸ்வரர் கோயிலில் விளக்கு போட்டாள். போனில் பதினாலாம் பக்கம் பற்றி ஆரம்பித்தேன், "சரியா கேக்கல" என்று வைத்துவிட்டாய். எனக்கு நன்றாகத்தான் கேட்டது.

போட்டி அக்டோபர் 19. யார் சிறப்பு விருந்தினர் தெரியுமா? மாணிக்கவேல். அவர்தான் குழுவுக்கு ஆதரவாளரும். ஐந்து பேருக்கும் புது டீ-ஷர்ட் தருகிறேன் என்றார், பிரேம்நாத் சார் வேண்டாமென்று பழைய யூனிபார்மிலேயே மீசை படத்தை அச்சடிக்க வைத்தார். மாணிக்கவேலோ பசுமைக்கு வாழ்த்துச் சொல்லிப் பள்ளி வாசலில் நாற்பது அடிக்கு பிளெக்ஸ் பேனர் கட்டியிருக்கிறார். பிளாஸ்டிக் என்றால் அவருக்குக் கொள்ளை ஆசை போலிருக்கிறது.

எனக்கு வயிறு எரிகிறது அண்ணா. அப்பா அந்த நான்கு புடவைக்கும் எத்தனை நாள் உட்கார்ந்தார் என்று நானும் நீயும் பார்த்தோம். உனக்குத் தெரிந்ததைச் சொல். சொல்லாவிட்டாலும் நான் சும்மா இருக்கப் போவதில்லை.

காயத்ரி

முகாம்
28 செப்டம்பர் 2024

அன்புள்ள காயத்ரிக்கு,

நீ சௌக்கியமா? அம்மாவின் முட்டிக்கு அந்தத் தைலம் ஒத்துக்கொண்டதா? அப்பா வேளைக்குச் சாப்பிடுகிறாரா? ராத்திரி தூக்கம் வருகிறதா அவருக்கு?

இங்கே மண்சரிவு. இருபத்திரண்டு நாள் சாலை மூடிக்கிடந்தது. ஒரு ஜேசிபி அப்படியே பள்ளத்தில் போய்விட்டது. ஓட்டுநர் குதித்துத் தப்பினார். மூன்று நாள் பிஸ்கட் தின்று இருந்தோம். பாறை விழும் சத்தம் ராத்திரியெல்லாம் கேட்டுக்கொண்டே இருக்கும். இப்போது பாதி வழி திறந்திருக்கிறது. அதனால்தான் தபால் தாமதம்.

அந்தப் பதினாலாம் பக்கம் வேண்டாம். ஈரத்தில் கிடந்த ஜரிகை அப்படித்தான் ஆகும். பரண் டப்பாவோடு நிறுத்திக்கொள். பெரியவர்களை இதில் இழுக்காதே. நன்றாகப் படி.

அண்ணன்
முத்துக்குமார்

காஞ்சிபுரம்
22 அக்டோபர் 2024

அண்ணா,

உடம்பு எப்படி இருக்கிறது? இங்கே யாருக்கும் காய்ச்சல் இல்லை, அவ்வளவுதான் சொல்ல முடியும்.

ஈரத்தில் கிடந்தால் வெள்ளி கறுக்கும், பிளாஸ்டிக் ஆகாது. ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். அதனால் உன் பேச்சை நான் கேட்கவில்லை.

போட்டியில் மீசை இருபது பொருளையும் சரியாகப் பிரித்தது. நடுவர் அம்மா, "வேற ஏதாவது குடுத்துப் பாக்கலாமா?" என்று கேட்டார். நான் பையிலிருந்து பிஸ்கட் டப்பா ஜரிகையை எடுத்து வைத்தேன். மீசை தொட்டது, யோசித்தது, தூக்கிப் பிளாஸ்டிக் கூடையில் போட்டது. கூடத்தில் பாதிப் பேர் நெசவுக்காரர்கள். கொல்லென்று ஒரு சத்தம். நான் மைக்கைப் பிடித்து, "இது மாணிக்கவேல் சார் கடை ஜரிகை. மீசை பொய் சொல்லாது" என்றேன். ஒரு வாரமாக மனப்பாடம் செய்த வரி.

அவர் கோபப்படுவார் என்று காத்திருந்தேன். மெதுவாக மேடைக்கு வந்தார். துண்டை எடுத்து நகத்தால் ஒரு இழு இழுத்தார். "இது என் கடை சரக்கு இல்லமா. என்னுது என் கைக்குத் தெரியும். உங்க வூட்ல இது எப்படி வந்துச்சுன்னு உங்க அப்பாவ கேளு" என்றார்.

அப்பா நான்காம் வரிசையில் இருந்தார். என் பேச்சைக் கேட்க வெள்ளைச் சட்டை இஸ்திரி போட்டு வந்திருந்தார். எழுந்து நின்று கையைக் கட்டிக்கொண்டார். "மொதலாளி, கொழந்த மேல கோவப்படாதீங்க. மாத்துனது நான்தான்" என்றார்.

அவ்வளவுதான்.

பசுமையில் எங்களுக்குத்தான் முதல் பரிசு. சான்றிதழ் இன்னும் என் பையில் மடிந்து கிடக்கிறது. அப்பா திருடியிருக்கிறார் அண்ணா. முதலாளி கொடுத்த வெள்ளியை எடுத்துக்கொண்டு பிளாஸ்டிக் வைத்து நெய்திருக்கிறார், கல்யாணப் புடவையில். அவர் முகத்தைப் பார்க்கவே எனக்கு வெறுப்பாக இருக்கிறது. உனக்கு இது முன்பே தெரியுமா? அதனால்தான் பெரியவர்களை இழுக்காதே என்றாயா?

காயத்ரி

முகாம்
20 நவம்பர் 2024

அன்புள்ள காயத்ரிக்கு,

நான் நலம். எல்லோரும் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். இங்கே பனி விழ ஆரம்பித்துவிட்டது.

அப்பாவைத் திட்டாதே. அவர் செய்திருந்தால் ஏதோ காரணம் இருந்திருக்கும். நடந்தது நடந்துவிட்டது. அவருக்கு ஒரு கம்பளிச் சால்வை அனுப்பியிருக்கிறேன்.

முத்துக்குமார்

காஞ்சிபுரம்
5 ஜனவரி 2025

அன்புள்ள அண்ணா,

பனியில் எப்படி இருக்கிறாய்? உன் சால்வை வந்தது. அப்பா பிரிக்கவில்லை, பொட்டலத்தோடு பீரோ மேல் இருக்கிறது. அம்மாவுக்கு முட்டியோடு இப்போது பேச்சும் குறைந்துவிட்டது.

போனில் கேட்டால் எல்லாம் நன்றாக இருக்கிறது என்றுதான் அவள் சொல்வாள். நான் உள்ளதைச் சொல்கிறேன். நவம்பரில் மாணிக்கவேல் ஆட்கள் வந்து, தறியில் ஏற்றியிருந்த பாவு நூலைப் பாதிப் புடவையோடு அறுத்து எடுத்துப் போனார்கள். அப்பாதான் கத்தரிக்கோல் எடுத்துக் கொடுத்தார். வேறு எந்தக் கடையும் அவருக்குப் பாவு தருவதில்லை. பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு ஓட்டலில் டோக்கன் கிழித்துக் கொடுக்கிறார். தெருவில் பின்னாலிருந்து "மீசை" என்று கூப்பிடுகிறார்கள். என்னையா அவரையா என்று தெரியவில்லை.

இரண்டரை மாதமாக அவரோடு நான் பேசவில்லை. தட்டை வைத்துவிட்டு நகர்ந்துவிடுவேன். அவரும் கூப்பிடுவதில்லை.

மாநிலப் போட்டி மார்ச் 15, சென்னையில். "ஜரிகையே வேண்டாம், ஊக்கு கட்டிடலாம்" என்று சார் சொல்லிவிட்டார், கட்டிவிட்டோம். ஆனால் அரையாண்டு லீவுக்கு முன்னால் நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்த திரிஷா ஒன்று கேட்டாள். "பிளாஸ்டிக் எங்கேர்ந்து வந்துச்சின்னு எழுதியிருக்கிற. வெள்ளி எங்க போச்சின்னு எழுதலியே. உங்க அப்பா தெருவத் தாண்டினதே இல்ல, அவரு எங்க போயி வித்திருப்பாரு?"

தறிக்குழியில் உட்கார்ந்தால் விளக்கு வைக்கும்வரை எழாத மனிதர் அவர். கடைக்கும் வீட்டுக்கும் போய்வந்தது நீ ஒருவன்தான். யாராவது அவரிடம் வந்து வாங்கிப் போனார்களா? உனக்குத் தெரிந்தால் சொல் அண்ணா. கெஞ்சிக் கேட்கிறேன்.

காயத்ரி

முகாம்
9 பிப்ரவரி 2025

காயத்ரி,

எல்லோரும் நலமா என்று கேட்க எனக்கு வாய் இல்லை.

அப்பா எடுக்கவில்லை. நான்தான். நான்கு தடவை. கடையில் ஜரிகையை வாங்கிக்கொண்டு நேராக வீட்டுக்கு வராமல், வேறு ஊரில் ஒருவனிடம் விற்று, அதே எடைக்குப் பிளாஸ்டிக் வாங்கி வந்தேன். எடை சரியாக இருந்ததால் யாரும் கேட்கவில்லை. அந்தப் பணத்தில் இந்த வேலைக்கு ஏஜென்ட் கேட்டதைக் கொடுத்தேன். மிச்சத்தில் உனக்கு லேப்டாப் வாங்கினேன். நீ முதல் கடிதத்தில் என் பெயரை அழகாக எழுதியிருக்கிறேன் என்றாயே, அன்றைக்கு முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஜரிகை கட்டச் சொன்னவனும் நான்தான். பரண் டப்பாவோடு நிறுத்துவாய் என்று நினைத்தேன். அப்பா ஏன் தன்மேல் போட்டுக்கொண்டார் என்று எனக்குத் தெரியவில்லை. உன்னைக் காப்பாற்ற இருக்கலாம். அவருக்குப் பிளாஸ்டிக் என்று தெரியாது என்றுதான் இத்தனை நாளும் எண்ணியிருந்தேன்.

இன்னும் இரண்டு வருடம் இங்கே ஒப்பந்தம் இருக்கிறது. திருட்டு என்று பெயர் வந்தால் வேலை போய்விடும். அதுவரை யாரிடமும் சொல்லாதே. பிறகு நானே வந்து எல்லாவற்றையும் சரி செய்கிறேன். இந்தக் கடிதத்தைக் கிழித்துவிடு.

முத்துக்குமார்

காஞ்சிபுரம்
2 மார்ச் 2025

அண்ணனுக்கு,

கிழிக்கவில்லை. அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். நான்கு மாதத்துக்குப் பிறகு அவரோடு நான் பேசிய முதல் பேச்சு உன் கடிதம்தான்.

கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். "அன்னிக்கே தெரியும்மா. அசல் ஜரிகை விரல்ல லேசா அறுக்கும். இது வழுக்கிக்கினு போச்சி" என்றார்.

"தெரிஞ்சே ஏன்பா நெய்தீங்க?"

"கேட்டா அவன் வேலைக்கிப் போயிருக்க மாட்டான். ஊரோட நின்னிருப்பான். வுட்டுட்டேன்."

இதுதான் நம் குடும்பம். நீ எடுத்தாய், அவர் மூடி வைத்தார். அந்தப் புடவையைக் கட்டிக்கொண்டு நான்கு பெண்கள் மணையில் உட்கார்ந்திருப்பார்கள். உங்கள் இரண்டு பேருக்கும் விஷயம் தெரியும். தெரியாத முட்டாள் மல்டிமீட்டரும் கையுமாக நான் ஒருத்திதான். ஊரைக் கூட்டி மாணிக்கவேலைத் திருடன் என்றேன். வீட்டுக்கு வந்து அப்பாவைத் திருடன் என்றேன். உனக்கு மட்டும் "அன்புள்ள" போட்டு எழுதிக்கொண்டிருந்தேன். "ஏதோ காரணம் இருந்திருக்கும்" என்று எழுதினாயே, எப்படிடா உனக்குக் கை வந்தது?

நேற்று லேப்டாப்பையும் நோட்டையும் எடுத்துக்கொண்டு மாணிக்கவேல் கடைக்குப் போனேன். உன் கடிதத்தைக் கொடுத்தேன், மன்னிப்புக் கேட்டேன். இரண்டு தடவை படித்தார். லேப்டாப்பைத் தொடவில்லை. "இத வெச்சி நான் இன்னாமா பண்றது, எடுத்துக்கினு போ" என்றார். பிறகு கதவைச் சாத்தச் சொல்லிவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "அந்தப் பக்கத்தக் கிழிச்சிடு. அந்தப் பிளாஸ்டிக்கு டப்பால கெடந்த துண்டுதான், பொடவைக்குப் போவலன்னு எல்லாருக்கும் சொல்லி வெச்சிருக்கேன். நாலு பொடவையும் என் கடைப் பேர்ல போயிருக்குது. வெளிய தெரிஞ்சா நான் கடைய மூட வேண்டிதான். உங்க அப்பன் வேலாயுதம் மாத்துனான்னு ஊரு பேசி முடிச்சாச்சி, அதோட நிக்கட்டும்."

"அப்பாவுக்குப் பாவு குடுப்பீங்களா சார்?"

"அத அப்புறம் பாக்கலாம்."

அப்பா மூடு என்றார், நீ வேண்டாம் என்றாய், முதலாளி கிழி என்கிறார். "குடும்ப மானம்டி" என்று அம்மா அழுகிறாள். ஒரு பக்கக் காகிதம் உங்கள் எல்லோரையும் இந்தப் பாடு படுத்துகிறது.

பிரேம்நாத் சாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "நோட்டு உன் பொறுப்பு" என்றார். போட்டியில் அந்த நோட்டை மேஜைமேல் திறந்து வைக்க வேண்டும், யார் வேண்டுமானாலும் புரட்டலாம். முதல் வரியை அடித்துவிட்டு இப்படி எழுதியிருக்கிறேன்: "லேப்டாப். எங்கிருந்து: அப்பா நெய்த நான்கு புடவையின் ஜரிகையைத் திருடி என் அண்ணன் வாங்கியது. எங்கே போகும்: தெரியவில்லை." பதினாலாம் பக்கத்தில், அப்பா தெரிந்தே நெய்தார் என்பதும் இருக்கிறது. அப்பாவிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கடைசிவரை படித்தார். கிழிக்கச் சொல்லவில்லை. "சோறு போடுமா" என்றார். போட்டேன். பக்கத்தில் உட்கார்ந்து நானும் சாப்பிட்டேன்.

அப்பா இன்னும் ஓட்டலில்தான் டோக்கன் கொடுக்கிறார். இரண்டு வருடம் கழித்து நீ வந்து சரி செய்ய இங்கே தறி இருக்காது. விலை கேட்டுப் போயிருக்கிறார்கள்.

உன் உடம்பை நான் விசாரிக்கவில்லை. எனக்குப் பதில் எழுதாதே. எழுதுவதானால் அப்பா பெயருக்கு எழுது. நான் படித்துக் காட்ட மாட்டேன், அவருக்கே படிக்கத் தெரியும்.

வே. காயத்ரி